ஃபுல்லி ஃபண்டட்-னா அது யாரு காசு? வெளிநாட்டு வாலண்டியரிங் கேட்ட கம்பம் தங்கச்சிக்கு ஒரு நீளப் பதில்

தங்கச்சி, நீ கேட்டத மத்தவங்களுக்கும் புரியுற மாதிரி மொதல்ல சுருக்கமா போட்டுட்டுப் பதிலுக்கு வாரேன். வயசு 22, வீடு கம்பம், உத்தமபாளையத்துல டிகிரி முடிச்சாச்சு, அப்பா அம்மா ரெண்டு பேரும் விடியக்காலைல ஜீப்பு ஏறி கம்பமெட்டு வழியா கேரளாப் பக்கம் இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க. ஒரு வருசமாவது வெளிநாட்டுல வாலண்டியரா இருந்துட்டு வரணும்னு ஆசை, ஆனா கைக்காசு போட்டுப் போற நெலமை இல்ல. இப்ப ரெண்டு எடத்துல இருந்து கூப்புட்டுருக்காங்க. ஒண்ணு இன்ஸ்டால பாத்து அப்ளை பண்ண இளைஞர் மாநாடு, "செலக்ட் ஆயிட்டீங்க, 300 டாலர் கட்டுனா சீட் உறுதி"ன்னு மெயில். இன்னொண்ணு இடுக்கி பக்கம் கட்டப்பனைல ஒரு ஆபீஸ், "ஜெர்மனில ஒரு வருச வாலண்டியரிங், தங்குறது சாப்பாடு எல்லாம் ஃப்ரீ, ரெண்டே கால் லட்சம் மட்டும் கட்டு"ங்குறாங்க. எது நெசம், நமக்கெல்லாம் கெடைக்குமா, எங்க இருந்து ஆரம்பிக்கிறது. இதான கேள்வி.

மாநாட்டு மெயிலுக்குப் பதிலே போட வேணாம், அத விட்டுரு. ஏன்னா அந்த மாதிரி மாநாடுகள் ஓடுற விதமே இப்படித்தான்: விளம்பரத்துல "ஃபுல்லி ஃபண்டட்", அதாவது முழுச் செலவும் எங்களோடதுன்னு பெருசா போடுவாங்க, கீழ பொடி எழுத்துல ஃபுல்லி ஃபண்டட், பார்ஷியலி ஃபண்டட், செல்ஃப் ஃபண்டட்னு மூணு வகை இருக்கும், அப்ளை பண்ணும்போதே பத்து இருபது டாலர் வாங்கிருவாங்க. ஒரு பேச்சுக்கு அஞ்சாயிரம் பேரு ஆளுக்குப் பத்து டாலர் கட்டுறாங்கன்னு வச்சுக்க, அம்பதாயிரம் டாலர் ஆச்சு, அதுல பத்து பேருக்கு டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டாலும் மிச்சம் நெறைய கெடக்கும், அதுக்கு மேல "செலக்ட்" ஆன மத்த எல்லாரும் சொந்தக் காசுல வந்து ஹோட்டல் பேக்கேஜுக்குக் காசு கட்டுவாங்க. ஆகமொத்தம் அந்தப் பத்து பேருக்கு ஃபண்டு பண்றது மாநாட்டுக்காரங்க இல்ல, உன்ன மாதிரி அப்ளை பண்ணிட்டுக் காத்துக் கெடக்குற பிள்ளைங்கதான். போஸ்டர்ல நீலக் கலர்ல உலக உருண்டை, ஐநா சாயல்ல ஒரு லோகோ, ஐநாவோட பதினேழு வளர்ச்சி இலக்குகளோட கலர் சக்கரம், இதெல்லாம் யாரு வேணா போட்டுக்கலாம். எல்லாமே சட்டப்படி மோசடின்னு சொல்ல முடியாது, நெசமாவே ஒரு ஹாலு வாடகைக்கு எடுத்து ரெண்டு நாள் கூட்டம் நடத்தி சர்ட்டிபிகேட்டும் குடுப்பாங்க. ஆனா அந்த சர்ட்டிபிகேட்ட பாத்து நெசமா உதவித்தொகை குடுக்குற எவனும் ஒரு மார்க்கு கூடப் போட மாட்டான்.

அதனால எந்த அறிவிப்பப் பாத்தாலும் மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இந்தக் காசு யாரோடது, அவங்க எதுக்காக எனக்குத் தரணும்? ஒரு நாட்டோட வரிப்பணமா, யுனிவர்சிட்டியா, அறக்கட்டளையா, அதுக்கு அவங்களுக்கு என்ன தேவை இருக்கு. இதுக்குப் பதில் தெளிவா கெடைச்சுட்டா அது நெசமான்னும் தெரிஞ்சுரும், அப்ளிகேசன்ல என்ன எழுதணும்னும் தெரிஞ்சுரும். பதில் கெடைக்கலைன்னா காசு உன்னோடதுதான்னு அர்த்தம்.

இப்ப ஜெர்மனிக்கு வா. இது கொஞ்சம் விரிவா சொல்ல வேண்டிய சங்கதி, ஏன்னா அந்தத் திட்டம் நெசம், கட்டப்பனை ஆபீஸ் சொல்றதுல பாதி நெசம். இன்னிக்குக் கட்டப்பனை, தொடுபுழா, கோட்டயம்னு எந்தப் பக்கம் போனாலும் ஜெர்மன் கிளாஸ் போர்டுதான், நம்ம கம்பம் தேனி வரைக்கும் அது எறங்கி வந்துருச்சு. ஜெர்மனில எஃப்எஸ்ஜே-ன்னு ஒண்ணு இருக்கு, தன்னார்வ சமூக வருசம்னு வச்சுக்கயேன், 1964ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது, 27 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு. இன்னொண்ணு பிஎஃப்டி, ஜெர்மன் மத்திய அரசோட தன்னார்வ சேவைத் திட்டம், அதுல உச்ச வயசு வரம்பு கெடையாது. அது ஏன் வந்துச்சுன்னா, 2011 வரைக்கும் அந்த ஊருல பசங்க கட்டாயமா ராணுவத்துக்குப் போகணும், போக மாட்டேங்குறவங்க அதுக்குப் பதிலா ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம்னு வேலை பாக்கணும், கட்டாய ராணுவத்த நிறுத்துன உடனே அந்த ஆள் பலமும் நின்னு போச்சு, அந்த ஓட்டைய அடைக்கத்தான் அதே வருசம் இந்தத் திட்டத்தக் கொண்டுவந்தாங்க. வேலை பெரும்பாலும் முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் இல்லம், ஆஸ்பத்திரி, குழந்தைங்க பள்ளிக்கூடம். சாதாரணமா 12 மாசம். மாசம் சில நூறு யூரோ பாக்கெட் மணி, சமூகப் பாதுகாப்பு இன்சூரன்ஸ் அவங்களே கட்டுவாங்க, வருசத்துக்கு 25 நாள் செமினார் உண்டு. தங்குற எடமும் சாப்பாடும் சில எடத்துல தருவாங்க, சில எடத்துல அதுக்குப் பதிலா கொஞ்சம் காசு தருவாங்க, சில எடத்துல ஒண்ணுமே இருக்காது, ஒப்பந்தத்துல என்ன எழுதிருக்குன்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்க முடியும். "எல்லாம் ஃப்ரீ"ன்னு வாயால சொல்றத நம்பாத.

ஆபீஸ்காரங்க சொல்லாம விடுற பாதி என்னன்னா, இதுக்கு நீயே நேரடியா அப்ளை பண்ணலாம். ஜெர்மனில இந்தத் திட்டத்த நடத்துறது திரேகர்-னு சொல்ற அமைப்புங்க, சர்ச் சார்ந்தது, செஞ்சிலுவைச் சங்கம், மத்த பொதுநல அமைப்புன்னு நெறைய இருக்கு. அவங்க தளத்துல ஃபார்ம் இருக்கும், ஜெர்மன்ல ஒரு சுயவிவரம், ஏன் வர்றேன்னு ஒரு கடிதம், பெறகு வீடியோ இன்டர்வியூ, தேர்வானா ஒப்பந்தம் அனுப்புவாங்க, அத வச்சு விசா. வேணும்ங்கறது ஜெர்மன் மொழி, பரீட்சைல ரெண்டாம் படியான ஏ2-வாவது, பல எடத்துல அதுக்கு அடுத்த படி பி1 கேப்பாங்க, வயசானவங்களக் கவனிக்குற வேலைல பாஷை இல்லாம என்ன பண்ணுவ. அதுக்கு ஆகுற செலவு கிளாஸ் ஃபீஸ், பரீட்சை ஃபீஸ், விசா, ஃபிளைட். இந்த வழில ஃபிளைட் டிக்கெட் பொதுவா நம்ம தலையிலதான். சில ஜெர்மன் அமைப்புங்களே வெளிநாட்டுக்காரங்ககிட்ட ஒரு தொகை வாங்குறதும் உண்டு, அத அவங்க தளத்துலயே வெளிப்படையா போட்டுருப்பாங்க. அப்ப கட்டப்பனை ஆபீஸ்கிட்ட நீ கேக்க வேண்டியது: ரெண்டே கால் லட்சத்துல கிளாஸுக்கு எவ்வளவு, விசாவுக்கு எவ்வளவு, ஃபிளைட்டுக்கு எவ்வளவு, உங்க சர்வீஸுக்கு எவ்வளவு, ஜெர்மனில எந்த அமைப்பு, ஒப்பந்தத்துல யாரு கையெழுத்துப் போடுவாங்க, எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. எழுதித் தர யோசிச்சா எந்திரிச்சு வந்துரு. கிளாஸ் மட்டும் நல்லா எடுக்குறாங்கன்னா கிளாஸுக்கு மட்டும் சேந்துக்க, அதுல தப்பே இல்ல.

இன்னொரு விசயத்தையும் ஒளிக்காம சொல்லிர்றேன், நம்ம பக்கத்துல இருந்து போற பாதிப் பேரு அந்த ஒரு வருசத்த அங்கயே ஆஸ்பில்டுங், அதாவது சம்பளத்தோட தொழில் படிப்பு, அதுல சேர ஒரு படிக்கட்டாத்தான் பாக்குறாங்க. நான் அதக் குறை சொல்ல மாட்டேன். ஆனா "வாலண்டியரிங் முடிஞ்சா வேலை கன்ஃபர்ம்"னு யாராவது சொன்னா அது பொய்.

நெசமாவே முழுசா ஃபண்டு பண்ற ஜெர்மன் வழி வேற ஒண்ணு இருக்கு, வெல்ட்வேர்ட்ஸ். 2008ல ஜெர்மன் அரசு அவங்க பசங்கள நம்ம மாதிரி நாடுகளுக்கு அனுப்ப ஆரம்பிச்சது, "ஒரு பக்கமாவே போயிட்டு இருக்கே, அங்க இருந்து யாரும் வர வேணாமா"ன்னு கேள்வி வந்து 2013ல இருந்து தெற்கு-வடக்குன்னு திருப்பி வர்ற வழியும் தொறந்தாங்க. 18ல இருந்து 28 வயசு வரைக்கும். இதுல ஃபிளைட், விசா, இன்சூரன்ஸ் செலவெல்லாம் திட்டமே பாத்துக்கும். ஆனா தனி ஆளா ஜெர்மனிக்கு அப்ளை பண்ண முடியாது, இந்தியாவுல அவங்களோட கூட்டாளியா இருக்குற தொண்டு நிறுவனம்தான் ஆளத் தேர்ந்தெடுத்து அனுப்பும். திரும்பி வந்து அந்த அமைப்போடயோ உன் ஊருலயோ ஏதாவது செய்யணும்னு எதிர்பாப்பாங்க. எடம் ரொம்பக் கம்மி. ஆனா கூட்டாளி நிறுவனங்க தங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பிள்ளைங்களத்தான் மொதல்ல பாக்கும், அதனால வெல்ட்வேர்ட்ஸ் வேணும்னா இப்பவே அந்த மாதிரி ஒரு அமைப்புல போய் வேலை செய்யத் தொடங்கணும், நோட்டிபிகேசன் வந்த பெறகு இல்ல.

அடுத்து, ஆன்லைன்ல சுத்துற "டாப் 50" பட்டியல்கள். அதுல பாதி நமக்கு இல்லவே இல்ல. அமெரிக்காவோட பீஸ் கார்ப்ஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். ஜப்பானோட ஜைக்கா வாலண்டியர் ஜப்பான்காரங்களுக்கு மட்டும். யூரோப்பியன் சாலிடாரிட்டி கார்ப்ஸ் அருமையான திட்டம், 18-30 வயசு, டிக்கெட்டு சாப்பாடு எல்லாம் குடுப்பாங்க, ஆனா ஐரோப்பாவுலயும் அதச் சுத்தி இருக்குற நாடுகள்லயும் வசிக்கிறவங்களுக்குத்தான், இந்தியாவுல இருந்துக்கிட்டு அப்ளை பண்ணா வேலைக்காகாது. ஏலக்காய சலிக்கும்போது எட்டு எம்எம் சல்லடைல நிக்கலைன்னா அது எம்புட்டு வாசமா இருந்தாலும் கீழ விழுந்துரும்ல, மொதல் ரவுண்டு தேர்வும் அப்படித்தான், நாடு, வயசு, படிப்பு இந்த மூணுல ஒண்ணு ஒத்து வரலைன்னா உன் கட்டுரைய யாரும் தொறந்து கூடப் பாக்க மாட்டாங்க. எலிஜிபிலிட்டி பக்கத்த ரெண்டு தடவ படிச்சுட்டு அப்புறம் கனவு காணு.

நமக்குத் தொறந்து இருக்குறது எதுன்னா, மொதல்ல ஐநா வாலண்டியர்ஸ், யூஎன்வி. 1970ல ஐநா பொதுச்சபை உருவாக்குனது, தலைமை ஆபீஸ் ஜெர்மனில பான் நகரத்துல. அப்ளை பண்ண ஒரு பைசா கெடையாது, யாராவது காசு கேட்டா அது யூஎன்வி இல்ல. மாசாமாசம் வாழ்க்கைச் செலவுக்குக் காசு, போக வர டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. இளைஞர் பிரிவு 18-26 வயசு, 27க்கு மேல அனுபவம் கேக்குற பிரிவுங்க. வெளிநாட்டு எடத்துக்குப் போட்டி பயங்கரம், ஒத்துக்குறேன். ஆனா இந்தியாவுக்குள்ளயே நேஷனல் யூஎன் வாலண்டியர் எடங்க வருது, அதுக்கும் உதவித்தொகை உண்டு. அதுக்கும் கீழ ஆன்லைன் வாலண்டியரிங்னு ஒண்ணு, காசு இல்ல, வீட்டுல இருந்தே மொழிபெயர்ப்பு, டிசைன், டேட்டா வேலைன்னு ஏதாவது ஒரு அமைப்புக்கு மாசக்கணக்குல செஞ்சு குடுக்கலாம். நெறைய பேரு இத மட்டமா நெனைச்சுத் தாண்டிப் போயிர்றாங்க, எனக்கு என்னமோ உன் நெலமைல இதான் சரியான மொதப்படின்னு தோணுது. கம்பத்துல ரூமுக்குள்ள உக்காந்தே ஒரு அனுபவம் கெடைக்குது, கூட வேலை பாத்த வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் நாளைக்கு உனக்கு ரெஃபரன்ஸ் குடுப்பாரு.

காலேஜ்ல இன்னும் படிச்சுட்டு இருக்குற தம்பி தங்கச்சிங்க இதப் படிச்சா: என்சிசில இருந்தா டெல்லி குடியரசு தின முகாம் வரைக்கும் போறவங்கள்ல இருந்து யூத் எக்ஸ்சேஞ்ச்ல வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க, முழுக்க அரசாங்கச் செலவு. என்எஸ்எஸ், மத்திய அரசோட இளைஞர் அமைப்பான மை பாரத் வழியாவும் இளைஞர் குழுக்கள் போகுது. தமிழ்நாட்டுல நான் முதல்வன் திட்டத்தோட ஸ்கவுட் பிரிவுல 2024ல மாணவர்கள இங்கிலாந்து டர்ஹாம் யுனிவர்சிட்டிக்குப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பள்ளிக்கூடத்துல இருக்குற பிள்ளைங்களுக்கு ஜப்பானுக்குக் கூட்டிட்டுப் போற சகுரா சயின்ஸ் திட்டம் இருக்கு, 2014ல இருந்து நடக்குது, இன்ஸ்பயர் மானக்-ங்குற மத்திய அரசோட பள்ளி அறிவியல் போட்டில ஜெயிச்ச பிள்ளைங்க போயிருக்காங்க. இதெல்லாம் ஸ்கூல்லயும் காலேஜ்லயும் நோட்டீஸ் போர்டுல ரெண்டு நாள் ஒட்டிக் கெடந்துட்டுப் போயிரும்.

பயண உதவின்னு பாத்தா நான் ரொம்பச் சிபாரிசு பண்றது தொழில்நுட்ப, திறந்த அறிவு உலகம். விக்கிமேனியா-ன்னு விக்கிபீடியாக்காரங்களோட உலக மாநாடு வருசா வருசம் நடக்கும், 2023 சிங்கப்பூர், 2024 போலந்துல கட்டோவிட்சே, 2025 நைரோபி. அதுக்கு ஸ்காலர்ஷிப் கெடைச்சா டிக்கெட், தங்குமிடம், பதிவுக் கட்டணம் எல்லாம் அவங்களே. தமிழ் விக்கிபீடியா 2003ல இருந்து ஓடுது, அதுல ரெண்டு வருசம் ஒழுங்கா எழுதி, போட்டோ ஏத்தி, புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தா அதுதான் உன் தகுதி, டிகிரியப் பத்தி ஒரு பயலும் கேக்க மாட்டான். ஐகான்-னு இணையப் பெயர்கள நிர்வாகம் பண்ற அமைப்பு, வருசத்துக்கு மூணு கூட்டம், ஃபெல்லோஷிப்ல போனா செலவு அவங்களோடது, .இந்தியா-ன்னு தமிழ்லயே இணைய முகவரி இருக்குறது எத்தன பேருக்குத் தெரியும், அதப் பத்திப் பேச ஆளு வேணும் அவங்களுக்கு. கலை, பாரம்பரியம் பக்கம் வேலை செய்யுறவங்களுக்கு 1981ல ஆரம்பிச்ச சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் இருக்கு, இங்கிலாந்துக்கு. சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல், 1920ல ஆரம்பிச்ச பழைய அமைப்பு, அவங்க வொர்க்கேம்ப்ல, அதாவது பல நாட்டு ஆளுங்க கூட்டா தங்கி வேலை செய்யுற முகாம்ல, தங்குறது சாப்பாடு அவங்க பாத்துக்குவாங்க, டிக்கெட்டு நம்மளோடது. மாஸ்டர்ஸ் பக்கம் போகணும்னா ஐரோப்பிய யூனியன் காசுல நடக்குற எராஸ்மஸ் முண்டஸ், மாசம் 1400 யூரோ, அதுல ஸ்காலர்ஷிப் வாங்குறவங்கள்ல இந்தியாக்காரங்கதான் முன்னணி. சமூக நீதி அமைச்சகத்தோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்ல எஸ்சி பிள்ளைங்களோட சேத்து நெலமில்லாத விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கும் எடம் வச்சுருக்காங்க, குடும்ப வருமானம் வருசம் 8 லட்சத்துக்குள்ள. நம்ம தோட்டத்துக் குடும்பங்கள்ல இது இருக்குறதே யாருக்கும் தெரியல, அதுதான் வயிறு எரியுது.

சரி, அப்ளிகேசன் எழுதுறதுக்கு வருவோம். இந்த மாதிரி அப்ளிகேசன் படிச்சு மார்க் போடுற பக்கத்துலயும் நான் உக்காந்துருக்கேன், அதனால சொல்றேன், பத்துல ஏழு கட்டுரை ஒரே மாதிரி இருக்கும். "சின்ன வயசுல இருந்தே எனக்கு மக்களுக்குச் சேவை செய்யணும்னு ஆர்வம், உலகத்த மாத்தணும், பல கலாச்சாரங்களத் தெரிஞ்சுக்கணும்." இப்ப ஏஐ வந்த பெறகு பத்துல ஒம்பது ஆயிருச்சு, இங்கிலீஷ் மட்டும் பளபளன்னு இருக்கு, உள்ள ஆளே இல்ல. படிக்கிறவனுக்கு உன் ஆசை தேவை இல்ல, உன் ஆசையால அவனுக்கு ஒரு பிரயோசனமும் கெடையாது. அவனுக்கு வேணும்ங்கறது, இந்தப் பிள்ளை ஏற்கெனவே என்ன செஞ்சுருக்கு, நம்ம காசக் குடுத்தா அது எங்க போய்ச் சேரும்.

"நான் ஒண்ணும் செய்யலையே அண்ணே, வீட்டுலதான் இருக்கேன்"னு எழுதியிருந்த. ஆனா அதுக்கு மேல ரெண்டு பத்தில நீயே எழுதியிருக்க, பக்கத்து வீட்டுப் பாட்டி, அம்மாகூட வேலை செய்யுறவங்க, இவங்களயெல்லாம் கோட்டயம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர் மலையாளத்துல சொல்றதத் தமிழ்ல சொல்லிக் குடுப்பேன், சீட்டப் படிச்சு மாத்திரை எப்ப போடணும்னு டப்பால படம் வரைஞ்சு ஒட்டுவேன்னு. அடி பாப்பா, அதுதான் வாலண்டியரிங். அதுக்கு வெளிநாட்டுல பேஷன்ட் நேவிகேட்டர், கம்யூனிட்டி இன்டர்ப்ரெட்டர்னு பேரு வச்சுக் கூப்புடுறாங்க, உனக்கு யாரும் அடையாள அட்டை குடுக்காததுனால அது இல்லைன்னு ஆயிராது. ஜெர்மனில ஒரு முதியோர் இல்லத்துக்காரன் இதப் படிச்சா நிமிர்ந்து உக்காருவான், ஏன்னா அவனோட பிரச்சினையே பாஷை தெரியாத ஊருல வயசானவங்களோட உக்காந்து பொறுமையா பேச ஆள் இல்லைங்குறதுதான்.

அத எப்படி எழுதுறதுன்னா, "நோயாளிகளுக்கு உதவினேன்"னு எழுதாத. எந்த வருசத்துல இருந்து, மாசத்துக்கு ஏறக்குறைய எத்தன பேரு, அதுல ஒரே ஒரு ஆளோட கதை, எங்க சிக்கல் வந்துச்சு, நீ என்ன மாத்தி செஞ்ச. டப்பால படம் வரையுறது எப்படித் தோணுச்சு? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா காலை மாத்திரைய ராத்திரி போட்டாங்கன்னா அத எழுது. சூரியன் படம் நிலா படம் வரைஞ்சன்னா அதையும் எழுது. அந்த ஒரு பத்தி போதும், மத்த நானூறு வார்த்தை அதத் தாங்கிப் பிடிச்சா போதும். இன்னொண்ணும் சொல்லணும், அப்பா அம்மா கஷ்டத்த எழுதலாமான்னு கேட்டுருந்த, எழுது, ஆனா கண்ணீர் வரவைக்க எழுதாத. ஜீப்புல எத்தன பேர அடைச்சு ஏத்துவாங்க, ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல வாழுறதுனால ரேஷன் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம்னு ஆகுறதுல ஜனங்களுக்கு என்ன கெடைக்காமப் போகுது, இத நேராச் சொன்னாலே போதும், அது அவங்களுக்குத் தெரியாத உலகம்.

பெறகு ஒரு அமைப்போட ஒட்டிக்க. கேரளாவுல பாலியேட்டிவ் கேர், அதாவது தீராத நோயில கெடக்குறவங்களுக்கு வலி தணிக்கிற கவனிப்பு, எப்படி வேரு விட்டுருக்குன்னு உனக்கே தெரியும், 1993ல கோழிக்கோட்டுல ஒரு சின்ன சொசைட்டியா ஆரம்பிச்சது, 2008ல மாநிலக் கொள்கையே கொண்டுவந்தாங்க, இன்னிக்குப் பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து வீட்டுக்கே போய்ப் பாக்குற குழு இருக்கு. இடுக்கி பக்கம் லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல, படுக்கையா கெடக்குற தமிழ்க்காரங்க எத்தனயோ பேரு, அந்தக் குழுவுக்குத் தமிழ் பேசுற வாலண்டியர் கண்டிப்பா வேணும். உனக்கு ரெண்டு பாஷையும் வரும். வாரத்துல ஒரு நாள் அம்மா போற ஜீப்புலயே ஏறிப் போ. நம்ம பக்கம்னா மக்களைத் தேடி மருத்துவம், 2021ல ஆரம்பிச்சது, அதுலயும் வீட்டுக்கு வந்து பாக்குற நர்ஸ் அக்காமாரு இருக்காங்க. ஒரு வருசம் அப்படிப் போனா அந்த நர்ஸே உனக்கு ரெஃபரன்ஸ் லெட்டர் குடுப்பாங்க, அது எம்எல்ஏ லெட்டர்பேடுல வாங்குறத விட நூறு மடங்கு மேல். எம்எல்ஏ, சேர்மன், காலேஜ் தாளாளர் லெட்டரெல்லாம் வந்தா நாங்க சிரிச்சுக்குவோம், ஏன்னா "நற்குணம் உடையவர், எனக்கு நன்கு தெரிந்தவர்"னுதான் இருக்கும். நீ வேலை செய்யுறத கண்ணால பாத்தவங்ககிட்ட வாங்கு, கடைசி நாள் போய் நிக்காம ஒரு மாசம் முன்னாடி கேளு, என்னென்ன செஞ்சோம்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துரு, அவங்களுக்கு இங்கிலீஷ் வரலைன்னா மலையாளத்துலயோ தமிழ்லயோ எழுதி வாங்கி மொழிபெயர்த்து ரெண்டையும் சேத்து அனுப்பலாமான்னு கேட்டுக்க, பல எடத்துல ஒத்துக்குவாங்க.

பாஸ்போர்ட் இல்லைன்ன, மொதல்ல அத எடு, 1500 ரூபா. பார்டர்ல இருக்குற நமக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு. ரேஷன் கார்டு தேனி மாவட்டத்துல, ஆளு பாதி நாளு இடுக்கில லயத்துல. தேனி மதுரை பாஸ்போர்ட் ஆபீஸுக்குக் கீழ வருது, இடுக்கி கொச்சிக்குக் கீழ. இப்ப எங்க நெசமா குடியிருக்கியோ அந்த விலாசம் போடு, போலீஸ் வெரிஃபிகேசனுக்கு வரும்போது ஆள் அங்க இருக்கணும், கம்பம் விலாசம் குடுத்துட்டு வண்டன்மேட்டுல இருந்தா ரிப்போர்ட் எதிரா போகும். விசாவுக்கும் குடியிருக்குற மாநிலம்தான் கணக்கு, ஜெர்மனிக்குத் தமிழ்நாட்டுக்காரங்க சென்னைத் துணைத் தூதரகம், கேரளாக்காரங்க பெங்களூரு. அடுத்து இனிஷியல். மார்க்ஷீட்ல இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல சர்நேம்னு ஒரு கட்டம் இருக்கும், அத வெறுமனே விட்டுறாத, இனிஷியலோட விரிவ, அப்பா பேர, அங்க போடு. ஒத்தப் பேரு மட்டும் இருக்குற பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தர மாட்டோம்னு 2022ல துபாய் பக்கம் அறிவிச்சாங்க. பத்தாவது பாஸ் சர்ட்டிபிகேட் குடுத்தா இசிஆர் முத்திரை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணும்ங்குற குறிப்பு, வராது.

காசு விசயத்துல யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒண்ணு இருக்கு. ஃபுல்லி ஃபண்டட்னு வந்தாலும் பல எடத்துல ரீஇம்பர்ஸ்மென்ட், அதாவது நீ மொதல்ல டிக்கெட் போட்டு, போயிட்டு வந்து பில் குடுத்தா ரெண்டு மாசம் கழிச்சுக் காசு வரும். அறுவதாயிரம் எழுபதாயிரம் யாருகிட்டப் போய் வாங்குறது, வட்டிக்கு வாங்கிப் போனா வர்ற காசு வட்டிக்கே சரியாப் போகும். அதனால தேர்வு மெயில் வந்த உடனே மரியாதையா ஒரு மெயில் போடு, என் குடும்பத்தால முன்பணம் போட முடியாது, டிக்கெட்ட நீங்களே எடுத்துத் தர முடியுமான்னு. வெக்கப்படாத. கேட்டா பெரும்பாலும் செய்யுறாங்க, அவங்களுக்கும் தேர்வான ஆளு வராமப் போறது நஷ்டம். ஆனாலும் விசா ஃபீஸ், சென்னைக்குப் போக வர பஸ்ஸு, நல்ல ஒரு ஜோடி ஷூ, குளிருக்கு ஒரு கோட்டு, இதெல்லாம் நம்ம கைலதான், அதுக்கு இப்ப இருந்தே சேத்து வை.

இன்டர்வியூவுக்கு ஒண்ணே ஒண்ணு. மேகம் மூடிட்டா மலைப்பக்கம் நெட்டும் போயிரும் கரண்டும் போயிரும், அன்னிக்கு மட்டும் தோட்டத்துப் பக்கம் போகாம கம்பத்துல வயர் இன்டர்நெட் இருக்குற வீட்டுல உக்காரு, போன்ல வேற கம்பெனி சிம்மையும் போட்டு வை. இங்கிலீஷ் தடுமாறுனா பரவால்ல, மெதுவா பேசு, புரியலைன்னா திருப்பிக் கேளு. டெட்லைன் அவங்க ஊரு நேரத்துல இருக்கும், கடைசி மணி நேரத்துல சர்வர் படுத்துரும், ஒரு நாள் முன்னாடியே அனுப்பிரு.

டூரிஸ்ட் விசால போய் அங்க ஹாஸ்டல்லயோ பண்ணைலயோ வேலை செஞ்சு தங்கிக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா வேணாம். பல நாட்டுல அது சட்ட விரோத வேலைதான், சம்பளம் வாங்கலைன்னாலும். அதே மாதிரி தாய்லாந்து பக்கம் "வாலண்டியர் கம் டேட்டா என்ட்ரி"ன்னு வந்தா ஓடிரு, 2022ல மியான்மர் மியாவாடில அடைச்சு வச்சு ஆன்லைன் மோசடி பண்ண வச்ச பசங்கள்ல நம்ம தமிழ்ப் பசங்களும் இருந்தாங்க.

கடைசியா நீ போற போக்குல ஒரு வரி எழுதியிருந்த, கட்டப்பனை ஆபீஸ்ல "சும்மா பதிவுக்கு"ன்னு ஒரிஜினல் மார்க்ஷீட்டும் அஞ்சாயிரமும் குடுத்துட்டேன்னு. ஒரிஜினல நாளைக்கே போய் வாங்கிரு, தனியா போகாத, அப்பாவையோ மாமாவையோ கூட்டிட்டுப் போ, ஸ்கேன் காப்பி தர்றேன்னு சொல்லு. பாஸ்போர்ட் வந்த பெறகும் எவன் கேட்டாலும் கைல குடுத்து வைக்காத, அது இந்திய அரசோட சொத்து, ஏஜென்ட் வச்சுக்க உரிமை கெடையாது. அஞ்சாயிரத்துக்கு ரசீது கேளு, திருப்பித் தரலைன்னா பெரிய சண்டை போடாம மார்க்ஷீட்ட மட்டும் வாங்கிட்டு வெளிய வா, பெறகு எழுத்துல புகார் குடுக்கலாம். மாநாட்டுக்காரங்களுக்கு ஏற்கெனவே கார்டுல ஏதாவது கட்டியிருந்தா உடனே பேங்க்ல சொல்லி கார்டப் பிளாக் பண்ணிட்டு சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடு. அந்த பாலியேட்டிவ் குழு எந்தப் பஞ்சாயத்துன்னு அம்மாகிட்ட விசாரிச்சுச் சொல்லு, வண்டன்மேடு பக்கம்னா எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, பேசி வைக்கிறேன்.